தமிழில் விளக்க ஒருவர் வேண்டும்: நூதனசாலைப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும், பாடசாலைக் குழுக்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். கடந்த தவணை முடிவில், எங்கள் தோட்டப் பாடசாலையின் தரம் 6, 7 மாணவர்களை நகரிலுள்ள உங்கள் நூதனசாலைக்கு அழைத்து வந்த ஆசிரியர்களுள் நானும் ஒருத்தி. அன்று தேயிலைக் காட்சிக்கூடத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். எங்கள் அதிபர் வருகையாளர் புத்தகத்தில் எழுதி ஒப்பமிட்ட முறைப்பாடு உங்கள் பார்வைக்கு வந்திருக்கும். அதற்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. அயற் பாடசாலை ஆசிரியர்களிடம் பேசும்போது அவர்களுக்கும் இதே அனுபவம் உண்டென்று தெரிந்ததால், இனித் தனிக் கடிதத்தால் பயனில்லை என்று கருதி இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் கோரிக்கை சிறியது. தமிழ்மொழிப் பாடசாலை ஒன்று முன்கூட்டியே அறிவித்து அனுமதி பெற்று வரும் நாளில், காட்சிப் பொருட்களைப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அது இயலாதென்றால், கூட வரும் ஆசிரியர் விளக்குவதையாவது தடுக்காதீர்கள்.

உங்கள் கூடங்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பந்தி பந்தியாக விளக்கம் இருக்கிறது. தமிழில் பொருளின் பெயர் மட்டும் இருக்கிறது. சில பெட்டிகளில் அதுவும் இல்லை. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி பண்பான இளைஞர். தனக்குத் தமிழ் தெரியாதென்று தொடக்கத்திலேயே வருத்தத்துடன் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கிறார்கள். கடையில் சாமான் வாங்கவும் பேருந்தில் இடம் கேட்கவும் அது போதும், கண்டி இராச்சியத்தின் நிர்வாக முறையை விளங்கிக்கொள்ளப் போதாது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது கூடத்தில் காவல் உத்தியோகத்தர் வந்து, இங்கே விளக்கமளிக்க அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிக்கு மட்டுமே அனுமதி உண்டு என்றும், நான் பேசுவதை நிறுத்த வேண்டும் என்றும் அறிவித்தார். தமிழ் தெரிந்த அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி யாரேனும் இருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கீகாரம் உள்ளவருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் தெரிந்தவருக்கு அங்கீகாரம் இல்லை என்ற இந்த ஏற்பாட்டில் பிள்ளைகள் எதைக் கற்றுப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

அதன் பிறகுதான் தேயிலைக் கூடத்துக்குள் போனோம். 1860களின் இறுதியில் கோப்பிச் செடிகளைத் துருநோய் தாக்கியதும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை பின்னர் மலைநாடெங்கும் பரவியதும் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன. சுவரோரமாக ஒரு பழைய கொழுந்துத் தராசும், அதன் கீழே ஒரு கூடையும், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் ஒரு கவ்வாத்துக் கத்தியும் இருக்கின்றன. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் தரம் 6 மாணவன் ஒருவன் தராசைப் பார்த்ததும் நண்பர்களைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி தராசுலதான் எங்க அம்மாயிக்குக் கொழுந்து நிறுப்பாங்களாம். மழ நாள்ல தண்ணிக்குன்னு கழிச்சிருவாங்க, கூடைக்கு வேற கழிப்பாங்க. கிலோ கொறஞ்சா அரப்பேருதான்" என்று சொன்னான். அரப்பேர் என்றால் பாதி நாட்சம்பளம். மற்றப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி கொப்பியைத் திறந்து எழுதவும் தொடங்கினாள். அன்று முழுவதும் அவர்கள் கொப்பியைத் திறந்தது அந்த ஓர் இடத்தில்தான். அதே உத்தியோகத்தர் மீண்டும் வந்து, சத்தம் போடாமல் நகருமாறு அவர்களுக்குச் சைகை காட்டினார்.

அந்தத் தராசைப் பற்றி உங்கள் பலகையில் அது செய்யப்பட்ட நாடும் அதன் கொள்ளளவும் எழுதப்பட்டுள்ளன. அதில் நிறுக்கப்பட்டவர்களைப் பற்றிய செய்தி அன்று பதினொரு வயதுப் பையனிடம் இருந்தது. அவனுக்குத்தான் பேச அனுமதி இல்லாமல் போனது. அந்த உத்தியோகத்தரை நான் குறை சொல்லவில்லை. அவர் தனக்கு இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றினார். கட்டளையை எழுதியவர்களிடமே கேட்கிறேன்.

இந்தப் பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பேருந்து வாடகையைப் பெற்றோர் தங்கள் நாட்சம்பளத்திலிருந்து தவணை முறையில் கட்டினார்கள். விடியுமுன்னே, தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பிள்ளைகளைக் கூட்டி ஏற்றி, வளைவு வளைவாக இறங்கி வந்தோம்; பாதிப் பேர் வழியில் வாந்தி எடுத்தார்கள். இதற்காக எவரும் எங்களுக்கு இரங்க வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்கள் நகரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கி வந்த பிறகு கிடைப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

உங்களுக்குத்தான் தனியாக ஒரு நூதனசாலை இருக்கிறதே என்று அன்று ஒருவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். ஆம், கம்பளைக்கு அண்மையில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைக் காட்டும் ஒரு நூதனசாலை இருக்கிறது. அங்கும் பிள்ளைகளை அழைத்துப் போவோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் கூடையையும் கத்தியையும் மட்டும் பார்த்து வளர வேண்டியவர்கள் அல்லர். அரசர்களின் நாணயங்களும் ஓலைச்சுவடிகளும் தந்த வேலைப்பாடுகளும் அவர்களுடைய நாட்டின் சொத்துகள்தாமே?

2023 இல், மலையகத் தமிழ் மக்கள் மலைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தன என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் நடந்தார்கள், மேடையேறியவர்கள் ஏறினார்கள். பொன்னாடைகளுக்குக் குறைவில்லை. சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிர்வாக மொழிகள் என்று அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் சொல்லத் தொடங்கியது 1988 இல். 15ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த சீனத் தளபதி செங் ஹே, சீனத்தோடும் பாரசீகத்தோடும் தமிழையும் வெட்டுவித்த கல் 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கல்லில் வெட்டுவதற்கே ஆள் தேடியிருக்கிறார் அவர். உங்களிடம் நாங்கள் வாயால் சொல்லும் ஓர் ஆளைத்தான் கேட்கிறோம்.

சற்றே கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ, கோரிக்கைக்குத் திரும்புகிறேன். ஆளணிப் பற்றாக்குறை என்ற பதில் வருமென்று தெரியும். அதற்கும் வழி இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர்களாகப் போகும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதத்தில் குறிப்பிட்ட சில நாட்களைத் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கென்று ஒதுக்கி, வலயக் கல்விப் பணிமனைகள் ஊடாக அறிவித்தால் நாங்கள் அந்த நாட்களிலேயே வருவோம். அதுவும் உடனே முடியாதென்றால், கூடங்களைப் பற்றிய குறிப்பைத் தமிழில் அச்சிட்டு எங்களுக்கு முன்பே அனுப்புங்கள்; அதைப் படித்துத் தயாராகி வரும் ஆசிரியருக்கு அன்றைய நாளுக்கு மட்டும் விளக்க அனுமதி கொடுங்கள். தமிழில் விளக்க ஒருவர் வேண்டும். அவர் உங்கள் ஆளா எங்கள் ஆளா என்பதில் எங்களுக்கு வேறுபாடில்லை.

அடுத்த தவணையில் எங்கள் தரம் 8 மாணவர்கள் வரவிருக்கிறார்கள். அனுமதி கோரும் கடிதத்தை அதிபர் வழக்கம்போல் அனுப்புவார். அதற்கு நீங்கள் அனுப்பும் பதிலில் திகதி, நேரம், கட்டணம் ஆகியவற்றுடன், அன்று தமிழில் விளக்கப்போகிறவர் யார் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
ஹற்றன்