உப்புல இருந்து ஆரம்பி, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேத்து ராத்திரி நீ போன்ல அழுததுக்கப்பறம் உங்கம்மாவும் நானும் வெகு நேரம் தூங்கல. பிளஸ் டூவில காமர்ஸ் எடுத்துட்டு நர்சிங்குக்கு வந்தது தப்போன்னு கேட்டே. சோடியம், பொட்டாசியம், அயனின்னு மேடம் சொல்றது ஒண்ணும் மண்டையில ஏறலன்னே. வெக்கிறதுக்கு முன்னால, "தண்ணி பட்டா தீப்பிடிக்கிற சோடியத்தை எப்படிப்பா மனுசன் ரத்தத்துல ஏத்துறாங்க?"ன்னு கேட்டே பாரு, அதுக்கு எனக்குச் சட்டுனு பதில் சொல்ல வரல. இன்னைக்கு நைட் ஷிஃப்ட். கருப்புச் சாயம் ஏத்துற துணி லாட் ஒண்ணு ஓடிட்டிருக்கு, இறக்க இன்னும் நாலு மணி நேரம் ஆகும். சாயப்பட்டறை லேப் மேசையில உக்காந்து எழுதுறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்டவளுக்குக் கெமிஸ்ட்ரி வராதுன்னு யார் சொன்னாலும் நம்பாதே சாமி. அந்தப் பாடத்தோட நடு நரம்பையே நீ தொட்டிருக்கே.

சுவத்துல மாட்டியிருக்குற 118 கட்டம் போட்ட அட்டவணையை இப்போதைக்கு விட்டுரு. ஊர்க்காரங்க யாரையும் தெரியாம வாக்காளர் பட்டியலை மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது? நாலு பேரோட பழகினப்பறம் பட்டியலைப் பார்த்தா ஒவ்வொரு பேரும் தானா நிக்கும். நீ உப்புல இருந்து ஆரம்பி. அது நம்ம குடும்பத்துக்கே பழக்கமான ஆளு.

உப்புக்குள்ள ரெண்டு தனிமம் இருக்கு. ஒண்ணு சோடியம். உலோகம்தான், ஆனா கத்தியால நறுக்குற அளவுக்கு மெது. தண்ணி பட்டாச் சீறும், அதனால மண்ணெண்ணெய்க்குள்ள போட்டு வெப்பாங்க. இன்னொண்ணு குளோரின், பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு. 1915இல, முதல் உலகப் போர்ல, பெல்ஜியத்துல ஈப்ருங்கிற ஊர்ப் பக்கம் அந்த வாயுவைத் திறந்துவிட்டுச் சிப்பாய்களைக் கொன்னாங்க. இப்படிப்பட்ட ரெண்டும் சேர்ந்துதான் உங்கம்மா ரசத்துல போடுற உப்பு. தனித்து நிக்கிறது தனிமம், சேர்ந்து உருவானது சேர்மம். தமிழ்ல இந்த ரெண்டு வார்த்தையையும் வெச்சவங்க பாதிப் பாடத்தை அதுலயே சொல்லி வெச்சுட்டாங்க. ஆனா ஒண்ணு கவனி, சேர்மம்ங்கிறது கூட்டுப் பொரியல் கெடையாது. சேர்ந்தப்பறம் பழைய ரெண்டு பேரோட குணமும் இருக்காது, புதுசா ஒரு பொருள் வந்துரும்.

ஏன் குணம் மாறுது? அணுவோட நடுவுல கரு. அதுக்குள்ள புரோட்டான், நியூட்ரான். சுத்தி எலக்ட்ரான். சோடியத்துக்கு வெளி வட்டத்துல ஒரே ஒரு எலக்ட்ரான்தான். குளோரினுக்கு வெளி வட்டத்துல 7, அந்த வட்டம் நிறைய எட்டு வேணும், ஒண்ணு குறையுது. சோடியம் அந்த ஒண்ணைக் கொடுத்துரும், குளோரின் வாங்கிக்கும். கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கினது எதிர்மின் அயனி, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். மேடம் சொன்ன அயனி இதுதான். இப்ப உன் கேள்விக்கு வர்றேன். சோடியம் தண்ணியில சீறினதே அந்த ஒரு எலக்ட்ரானாலதான். உப்பா ஆனப்பவே அதைக் கொடுத்து முடிச்சாச்சு. நீ பாட்டில்ல தொங்கவிடுறது கொடுத்து முடிச்ச சோடியம், அதுகிட்டச் சீறுறதுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் "சோடியம் குறைஞ்சிருக்கு"ன்னு சொன்னா அந்த அயனியைத்தான் சொல்றாரு. சலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அரை லிட்டர் பாட்டில்ல நாலரை கிராம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தச் சோடியத்தை மொதமொதல்ல தனியாப் பிரிச்சுப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி, 1807இல, லண்டன்ல. எதுல இருந்து எடுத்தாரு தெரியுமா? காஸ்டிக் சோடாவுல இருந்து, அதுக்குள்ள மின்சாரம் விட்டு. நான் 17 வயசுல இருந்து பேரல் பேரலா உருட்டி, துணி வேக வெக்க ஊத்துற அதே காஸ்டிக். அந்த வரியைப் படிச்சப்போ நூலகத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அத்தனை வருஷம் கையுறைக்குள்ள வெச்சிருந்த பொருளுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

நூலகத்துக்கு நான் எப்பப் போனேன்னு உனக்கு ஞாபகம் இருக்காது. அதைப் பின்னால சொல்றேன்.

ஒரு அணு சோடியமா வேறயான்னு எதை வெச்சுச் சொல்றதுன்னா, புரோட்டான் எண்ணிக்கை. 11 இருந்தா சோடியம், 17 இருந்தா குளோரின், 26 இருந்தா இரும்பு. எலக்ட்ரானைக் கொடுக்கலாம், வாங்கலாம், பேரு மாறாது. நம்ம ஊட்டுல ரசம் பொங்கி அடுப்புல வழிஞ்சா நீலமா எரியிற தீ மஞ்சளாகுமே, அது உப்புல இருக்குற சோடியம் காட்டுற நிறம். பைபாஸ்ல முன்னெல்லாம் மஞ்சளா எரிஞ்ச தெருவிளக்குக்குள்ளயும் சோடியம்தான். அடுப்புல இருந்தாலும் விளக்குல இருந்தாலும் உன் நோயாளி நரம்புல இருந்தாலும் அதே 11. குறியீடு ஏன் என்-ஏ, இரும்புக்கு ஏன் எஃப்-இ, பொட்டாசியத்துக்கு ஏன் வெறும் 'கே'ன்னு குழம்ப வேண்டாம். நாட்ரியம், ஃபெர்ரம், காலியம்னு லத்தீன்ல இருந்து வந்த பேருங்க, அந்தப் பேரைச் சேர்த்துப் படிச்சா மறக்காது.

அடுத்தது எண்ணிக்கை. சேர்மத்துல யார் யாருங்கிறது எவ்வளவு முக்கியமோ, எத்தனை எத்தனைங்கிறதும் அவ்வளவு முக்கியம். தண்ணியில ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு. சுத்தமான தண்ணி 18 கிராம் எடுத்தா 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். பவானித் தண்ணியா இருந்தாலும் உங்க சென்னைத் தண்ணியா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இப்படி மாறாத விகிதத்தைப் பார்த்துத்தான் ஜான் டால்டன், பொருளெல்லாம் அணுவால ஆனதுன்னு 1808இல புத்தகமே போட்டாரு. இப்ப அதே தண்ணியோட ஆக்சிஜன் ஒண்ணு எச்சா சேர்த்தா அது ஹைட்ரஜன் பெராக்சைடு. நாங்க துணியை வெளுக்குறது அதுலதான், கேன்ல 50 சதவீதமா வரும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல கையுறை இல்லாம எடுத்து ஊத்தினேன். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து, ராத்திரி முழுக்க எரிஞ்சுது. ஒரே ஒரு அணுதான் வித்தியாசம். உங்க வார்டுல 3 சதவீதமா நீர்த்து வெச்சிருப்பாங்க. காயத்துல பட்டா நுரைக்கும், அந்த நுரை பிரிஞ்சு வர்ற ஆக்சிஜன். அது போனா மிச்சம் நிக்கிறது வெறும் தண்ணி.

கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசம் புரியலன்னு சொன்னே. இங்கதான் உங்கப்பனோட தொழில் உனக்கு உதவும், கொஞ்சம் பொறுமையாப் படி.

இப்ப ஓடிட்டிருக்குற லாட் 100 கிலோ பனியன் துணி. தண்ணி 800 லிட்டர். கருப்பு ஷேடுக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு வெச்சா 56 கிலோ ஆகுது. எதுக்கு இவ்வளவு? தண்ணிக்குள்ள பருத்தி நூலும் எதிர்மின் சுமையோட இருக்கு, சாயமும் எதிர்மின் சுமையோட இருக்கு. ஒண்ணையொண்ணு தள்ளும். உப்புல இருந்து பிரிஞ்ச சோடியம் அயனி நடுவுல நின்னு அந்தத் தள்ளலைக் குறைக்கும். அப்ப சாயம் நூல் பக்கம் போகும். பிறகு சோடா ஆஷ்ங்கிற காரப் பொடியைப் போட்டதும் சாயம் நூலோட நிஜமாவே பிணைஞ்சுரும், அணுவும் அணுவும் கை கோத்த மாதிரி. அந்தச் சாயம் நூலோட சேர்மமாயிருச்சு, துவைச்சாலும் போகாது. பிணையாம சும்மா ஒட்டிட்டிருக்குறது சோப்பு அலசல்ல கழண்டுரும். ஆனா உப்பு? அது தண்ணியில கரைஞ்சு கலந்து நின்னுச்சே ஒழியத் துணியோட சேரவே இல்ல. போட்ட 56 கிலோவும் அப்படியே கழிவுத் தண்ணியோட வெளிய வரும்.

வெளிய எங்கன்னு நீ கேக்கலாம். உன்கிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. 90களோட கடைசியில நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில, மழை அடிக்கிற ராத்திரி வால்வைத் திறந்துவிடச் சொல்வாங்க. நான் திறந்திருக்கேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஓடையில விழுந்து நொய்யல் ஆத்துக்குப் போகும். வெடியால பார்த்தா மழைத் தண்ணி எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிருக்கும், ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். நிறத்தை எடுத்துட்டா தண்ணி சுத்தம்னுதான் அன்னைக்கு நாங்க நினைச்சோம். கண்ணுக்குத் தெரியாத உப்பைப் பத்தி யாரும் பேசல. உன் தாத்தாவோட தோட்டம் ஆத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்துச்சு. தண்ணி கரிக்குதுன்னு அவரு சொன்னப்போ, நல்ல மழை ரெண்டு பெஞ்சா போயிரும்னு நான்தான் சொன்னேன்.

போகல. வெள்ளாமைக்குத் தண்ணி கொடுக்கக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு நிக்கிற குளமாச்சு. மஞ்சளும் நெல்லும் போச்சு, தென்னை காய்ப்பு நின்னுது. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னுச்சு. நீ அப்ப பால்வாடிக்குப் போயிட்டிருந்தே. வேலை இல்லாம மாசக்கணக்கா ஊட்டுல இருந்தப்போதான் நான் நூலகத்துக்குப் போனது. பக்கத்து ஊட்டுப் பையன்கிட்ட ஒன்பதாவது அறிவியல் புத்தகத்தையும் கடன் வாங்கி, ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சேன்.

அதுல லாவாய்சியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வருவாரு. 1789இல அவர் எழுதினது இன்னைக்கும் உன் பாடத்துல இருக்கு: எந்த வேதிவினையிலயும் மொத்த நிறை கூடுறதும் இல்ல, குறையறதும் இல்ல. எரிச்சாலும் கொதிக்க வெச்சாலும் ஆத்துல விட்டாலும் அணு அழியாது, இடம் மாறும், ஜோடி மாறும். 11 புரோட்டானை 10 ஆக்கணும்னா கருவையே உடைக்கணும், அது மழையால ஆகுற காரியமில்ல. நான் திறந்துவிட்ட உப்பு எங்கயோ இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கு விளங்கிச்சு.

போன மாசம் தோட்டத்துக் கெணத்துல இருந்து ஒரு லிட்டர் தண்ணி எடுத்துட்டு வந்தேன். வெள்ளைத் துணியில வடிகட்டி, எவர்சில்வர் குண்டாவுல வெச்சுச் சுண்டக் காய்ச்சினேன். அடியில வெள்ளையா ஒரு படிவு நின்னுச்சு. சுரண்டி எடுத்து, சாயம் நிறுக்குற தராசுல வெச்சேன். 4 கிராமுக்கு மேல காட்டுச்சு. குடிக்கிற தண்ணியில கரைஞ்சிருக்குறது லிட்டருக்கு அரை கிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணியே இல்லைன்னா 2 கிராம் வரைக்கும்னு இந்தியத் தரக் கணக்கு இருக்கு. அந்தப் படிவு முழுக்கச் சாப்பாட்டு உப்பு கெடையாது, சல்பேட், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும். பாறையில இருந்து வந்ததும் அதுல உண்டு. இருந்தாலும் கடுகு அளவாவது நான் விட்டதா இருக்கும். கலவைன்னா காய்ச்சிப் பிரிச்சுரலாம்னு பாடத்துல ஒரே வரியில போயிருவாங்க. ஒரு லிட்டரைப் பிரிக்கவே எனக்கு முக்கால் மணி நேரமும் கேஸும் செலவாச்சு. ஒரு ஆத்தை எப்படிப் பிரிக்கிறது?

இப்ப பட்டறை மாறியிருக்கு, அதையும் சொல்லணும். கழிவை வெளிய விடாம, சவ்வு வழியா அழுத்தி நல்ல தண்ணியைப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்குறோம். இந்த லாட்டுல போட்ட உப்புல ஒரு பங்கு ஏற்கனவே வேற துணிக்குப் போயிட்டு வந்தது. அந்த மூட்டையைப் பிரிக்கும்போது எனக்கு மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

உங்கம்மா கச்சாயம் சுட்டு வெச்சிருக்கா, பார்சல்ல நாளைக்குப் போட்டுர்றோம். அதோட ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர்ல அந்தக் கெணத்துப் படிவும் வரும். நாக்குல வெக்காதே, மேடம்கிட்டக் காட்டு, என்னென்ன இருக்குன்னு சோதிக்க வழி இருந்தா சோதிச்சுப் பாரு.

இன்னொண்ணு. அட்டவணையில சோடியத்துக்கு நேர் கீழ்க் கட்டத்துல பொட்டாசியம் இருக்கும், 19. அதுக்கும் வெளி வட்டத்துல ஒரே எலக்ட்ரான், அதனாலதான் ஒரே வரிசையில நிக்குது. அதோட குளோரைடும் வெள்ளை உப்பு, கரைச்சாத் தண்ணி மாதிரியே இருக்கும். பாட்டில்ல வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்காம நேரா நரம்புல ஏத்தினா இதயம் நின்னுரும்னு உன் புத்தகத்துலயே போட்டிருப்பாங்க. உனக்கும் நைட் ஷிஃப்ட் வரும், கண்ணு சொக்கும். அப்பவும் லேபிளை ரெண்டு தடவை வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் கையில எடுக்கணும், சரியா?

வேர்த்துக் கொட்டும்போது சோடியம் போகுது, வயித்தாலே போனா பொட்டாசியமும் போகுதுங்கிற வரைக்கும் நான் படிச்சிருக்கேன். ரெண்டும் அப்படி ஒண்ணுபோல இருந்தும் இதயம் எப்படி அதுகளை அடையாளம் பிரிச்சுப் பார்க்குதுங்கிறதை நீதான் எனக்குச் சொல்லித் தரணும். ஞாயித்துக்கிழமை பொழுதோட கூப்பிடு, நோட்டும் பேனாவும் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.

லாட் இறக்கக் கூப்பிடுறாங்க.

உன் அப்பா