கயலுக்கு, அந்த ஒரு வரியைப் பற்றி

அன்புள்ள கயல்,

நேற்று போனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். க்ளாஸுக்கு நேரமாகிவிட்டது, தெரியும். ஆனால் போகிற போக்கில் நீ சொன்ன ஒன்று ராத்திரி முழுக்க என் மண்டையைக் குடைந்தது. உதவித்தொகைக் கடிதத்தில் 'ஃபெடரல் வொர்க் ஸ்டடி, 3,000 டாலர்' என்று ஒரு வரி இருக்கிறது, அதை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன், ஏற்கெனவே வாங்கிய கடன் போதும் என்றாய்.

அது கடனே இல்லை, கண்ணு. இனாமும் இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு அமெரிக்க அரசாங்கம் வைத்திருக்கிற வேலைத் திட்டம். நீ வேலை செய்து வாங்கப்போகிற சம்பளம். அதில் முக்கால் பங்கு வரை அரசாங்கம் கொடுக்கும், மீதியை வேலை கொடுக்கிறவர்கள் போடுவார்கள். ஒன்றுமே தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளையை ஒரு லேபிலோ அலுவலகத்திலோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க அவர்கள் சம்மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முழுச் சம்பளமும் அவர்கள் கையிலிருந்து போவதாக இருந்தால் அனுபவம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறாயா? கிரீன் கார்டு வந்த பிறகு நான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தபோது உனக்கு ஏழு வயது, எனக்கு முப்பத்தி நாலு. என் கடிதத்திலும் இதே வரி இருந்தது. ஃபீஸில் கழித்துக்கொள்வார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். கழிக்கவில்லை. ஃபீஸ் பாக்கி என்று அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாமல் நிறுத்திவிட்டார்கள். கவுன்ட்டரில் போய் நின்றால், வேலையை நீங்கள்தான் தேடிச் சேர்ந்திருக்க வேண்டும், வேலை செய்த மணிக்குத்தான் பணம் என்றார்கள். முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் நல்ல வேலையெல்லாம் போய்விட்டது. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலைதான் மிச்சம்.

அந்த மிச்ச வேலைதான் என்னை மாற்றியது. 612-ஆம் எண் வரிசை முழுக்க மனித உடல் எப்படி இயங்குகிறது என்கிற புத்தகங்கள். அடுக்க வேண்டியதை விரித்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எக்ஸ்ரே படிப்பில் சேரலாம் என்ற எண்ணம் அந்த அலமாரிக்கு முன்னால்தான் வந்தது. அதைவிடப் பெரிய விஷயம் போன். எனக்கு அப்போது போனில் ஆங்கிலம் பேசப் பயம். மணி அடித்தால் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடுவேன். ஒருநாள் மேசையில் நான் மட்டும் இருந்தேன், வேறு வழியில்லை, எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று ஒருவர் கேட்டார். பதற்றத்தில் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். பாவம், மனுஷன் வந்து பூட்டிய கதவு முன்னால் நின்றுவிட்டு, திங்கட்கிழமை என்னிடமே வந்து சொன்னார். மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் போனைக் கண்டு நான் ஓடவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். காலியிருக்கிற இரண்டு வேலையைச் சொன்னாய். ஒன்று, ஜிம் வாசலில் உட்கார்ந்து கார்டை ஸ்கேன் பண்ணுவது. இன்னொன்று, ஆரம்பப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருவது. ஜிம்மில் வீட்டுப்பாடத்தை முடித்துக்கொள்ளலாம், உண்மைதான். பரீட்சை வாரத்தில் அது வரமாகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பார். மணிக்கு 15 டாலர் என்றால் 3,000 டாலருக்கு 200 மணி நேரம். முப்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை. பேச்சுப் பயிற்சி நிபுணராக வேண்டும் என்று பத்தாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் நீ. எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் 200 மணி நேரம் உட்காரச் சம்பளம் தருகிறேன் என்கிறார்கள். ஜிம் கதவு என்ன சொல்லித் தரும்?

கல்லூரிகள் இந்தப் பணத்தில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூகத்துக்குப் பயன்படுகிற வேலைகளுக்குச் செலவிட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வாசிப்புச் சொல்லித் தருகிற வேலைக்கு முழுச் சம்பளத்தையும் அரசே கொடுக்கலாம். இதைக் கொண்டுவந்த சட்டத்தில் 1964-இல் கையெழுத்துப் போட்ட அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனும் டெக்சஸில் படிக்கும்போது தரை பெருக்கியவர்தான். நடுவில் பணத்துக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனார். அதனால் இது 'வசதியில்லாதவர்கள் செய்கிற வேலை' என்று நீ இழுத்தாயே, அதற்கு என் பதில்: ஆமாம், வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நம் வருமானம் அவ்வளவுதான். அதில் மறைக்க என்னடி இருக்கிறது?

இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ படி. இதில் சம்பாதிப்பது அடுத்த வருஷம் ஃபாஃப்சா, அதுதான் உதவித்தொகை கேட்டு அரசாங்கத்துக்குப் போடுகிற விண்ணப்பம், போடும்போது உன் வருமானக் கணக்கிலிருந்து கழிந்துவிடும், உதவித்தொகையைக் குறைக்காது. வெளியே கடையில் வேலைக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. வருமான வரிக் கணக்கு மட்டும் தனி, அதை நாம் சேர்ந்து போடலாம். எழுதியிருக்கிற தொகை தீர்ந்தால் வேலையும் நின்றுபோகலாம், அதனால் மணியை நீயே ஒரு நோட்டில் குறித்து வை. க்ளாஸ் நேரத்தில் வேலை செய்யக் கூடாது. உன் அறைத்தோழி மாணவர் விசாவில் இருக்கிறாள், அவளுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அவள் முன்னால் அலுத்துக்கொள்ளாதே.

உன் பாஸ்போர்ட்டை இன்று காலை ரெஜிஸ்டர்டு தபாலில் அனுப்பிவிட்டேன். வேலையில் சேர்ந்தால் மூன்று வேலை நாளுக்குள் ஐ-9 படிவத்துக்குக் காட்ட வேண்டும், நீ யார், இங்கே வேலை செய்ய உனக்கு உரிமை உண்டா என்று சரிபார்க்கிற படிவம் அது. ஒரிஜினல்தான் கேட்பார்கள், போனில் எடுத்த படம் செல்லாது. தபால்காரர் வரும்போது அறையில் இரு, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

அம்மா