உபயம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரையும் தங்கையின் மூட்டுவலியும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிறேன். எட்டு மாதமாக எழுதாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவதும் பாசத்தினால் அல்ல, வெட்கத்தினால்.

அப்பா நினைவாக நம் ஊர்க் கோயிலுக்கு நான் வாங்கிக் கொடுத்த மின்சார மேளம் நினைவிருக்கிறதா? எப்படி மறப்பாய், எனக்கு 'மோட்டார் மகாராஜா' என்று பட்டம் கட்டியவனே நீதானே! அதற்காக ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீ சொன்னதுதான் சரி. இந்த ஒரு வரியை வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

மார்கழித் திருவாதிரைக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டார்கள். கோல்கள் தோலை அறைய, மணியும் சேகண்டியும் சேர்ந்து கத்தின. பிறகு நடராஜர் புறப்பட்டார். தூணோடு போல்ட் போட்டு முடுக்கிய மேளம் சுவாமியோடு வீதிக்கு எப்படி வரும்? ஒரு பையன் செல்போனில் சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் யாரோ வாசித்த மல்லாரியை வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். கீழவீதி திரும்பும்போது காதில் விழுகிறது: உள்ளே மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. அணைக்க யாருக்கும் நினைவில்லை. நானே ஓடினேன். சபையில் சுவாமி இல்லை, அர்ச்சகர் இல்லை, ஒரு ஈ காக்கை இல்லை. அது மட்டும் விடாமல் அடிக்கிறது. நெற்றியில் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று போட்டு என் பெயர், இனிஷியலோடு.

நாம் போர்வைக்குள் கிடந்தபடியே மல்லாரி கேட்ட காலத்தை யோசித்துப் பார். பாட்டு வரி கிடையாது, வெறும் கம்பீர நாட்டை ராகம். ஆனாலும் சுவாமி வாசல் தாண்டிவிட்டார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும்; உன் அம்மா தேங்காய்த் தட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கு ஒரு ராகம் இருந்தது. என் இயந்திரத்துக்கு எல்லா வேளையும் ஒரே அடிதான். தம்மை எழுப்புகிறார்களா, தூங்க வைக்கிறார்களா என்று பதினோரு வருஷமாகச் சுவாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே தவில் மாமாவைத் தேடிப் போனேன். அவர் விரல் கூடுகளைத் திருடி மாட்டிக்கொண்டு தகர டப்பாவில் அடித்தோமே, அவரேதான். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "கூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாயா?" என்றார்! தவிலை எடுத்துக் காட்டினார். ஒரே பலாமரத்தைக் குடைந்த கட்டை, அடிக்கப் பூவரசங்கழி. ஒரு காலத்தில் வாரை இழுத்து இழுத்துக் கட்டியவர், இப்போது இரும்புக் கம்பியும் நட்டும் போட்டு ஸ்பானரால் முடுக்குகிறார். புதிதாக வந்ததையெல்லாம் வெறுக்கிற ஆள் இல்லை. என் இயந்திரத்தைப் பற்றிக் கூட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதற்கு எத்தனை வருஷம் கியாரண்டி தம்பி?" அது வந்த மாதத்திலிருந்து கோயிலில் அவரைக் கூப்பிடவில்லை என்பதை, காபி கொண்டு வந்த மாமிதான் சொன்னார்கள். என்னால் அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு திருவாரூர் போனேன். வழி நெடுக தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி புராணம். 1975இல் அவர் போனதைப் போன வாரம் நடந்ததுபோல் சொல்கிறார். தியாகராஜர் சன்னதியில் பஞ்சமுக வாத்தியம் கேட்டோம். வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய், சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்று சிவனின் ஐந்து முகங்கள். ஐந்துக்கும் சேர்த்து ஒரு மனிதனின் இரண்டு கைகள்தான். தலைமுறை தலைமுறையாக அந்த உரிமைக்காரர்களே வாசிக்கிறார்கள். மாமாவின் விரல்கள் வேட்டி மேல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. நான் கவனிப்பதைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இனி காரியத்துக்கு வருகிறேன். தவிலைத் தோளில் மாட்டி வீதி சுற்ற அவருக்கு இனி முடியாது. பேரன் செல்போன் கடையில் இருக்கிறான், தவிலில் கை நன்றாகப் பேசுகிறது. மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் காலையும் மாலையும் வருவான். பாதி என்னுடையது. மீதிக்கு நீயும் நம் கட்டபொம்மனும். அவனிடம் நீயே பேசு, எனக்கும் அவனுக்கும் அந்தச் சைக்கிள் கணக்கு இன்னும் தீரவில்லை. கோயிலில் கேட்டதற்கு, "மேளம் இருக்கிறதே, நீங்கள் கொடுத்ததுதானே" என்றார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டேன். இயந்திரத்தை நானே கழற்றி எடுத்துப் போக வேண்டுமாம்.

பங்குனியில் கட்டாயம் வா. வரும்போது பெரிய ஸ்பானராக ஒன்று கொண்டு வா. போல்ட் நன்றாகத் துருப்பிடித்திருக்கிறது.

உன்
மோ. ம.