மலை மறைக்காத வளாகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரி வானொலி ஒன்று வேண்டும் என்கிற குரல் அவ்வப்போது எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் எந்தக் கல்லூரியில் என்று யாரும் கேட்பதில்லை. பேர்போன கல்லூரி, கட்டடம் பெரிசு என்று பார்த்து முடிவு செய்தால் விடுதி அறையில் கணீரென்று கேட்கும் நிலையம் கம்பம்மெட்டு சாலையில் கேட்காது.

1995 பிப்ரவரியில், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2002 டிசம்பரில் மத்திய அரசு சமுதாய வானொலிக்குக் கதவைத் திறந்தபோது கல்வி நிறுவனங்களை மட்டும்தான் உள்ளே விட்டது. அந்த வழியில் வந்த முதல் நிலையம், 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிய சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில்தான் வழி பிறந்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே மச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபரில் ஒலித்தது. தொண்டு நிறுவனங்களை அனுமதித்த அதே 2006 நெறிமுறைகளில் நமக்கு முக்கியமான வரி ஒன்று உண்டு. கல்வி நிறுவனம் தன் டிரான்ஸ்மிட்டரையும் ஆன்டெனாவையும் முதன்மை வளாகத்துக்குள்தான் வைக்க வேண்டும். தொண்டு நிறுவனம் என்றால் தான் சேவை செய்யும் பகுதிக்குள் மேடான இடமாகப் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் பொதுவாக 100 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சமவெளியில் இது எட்டுப் பத்து கிலோமீட்டர் போகும். 100 வாட்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 1948இல் கல்லூரிகளுக்கு 10 வாட்டிலேயே உரிமம் கொடுத்தார்கள். இங்கே இடைஞ்சல் மலைதான். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். அடிவாரத்தை ஒட்டிய வளாகத்தில் ஒரு கரடு குறுக்கே நின்றாலே அடுத்த ஊர் நிழலில் விழுந்துவிடும். பாறையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு கலப்பதால் பேச்சு கரகரக்கும். பள்ளத்தாக்கின் நடுவில் உள்ள வளாகம்தான் தோது. அங்கிருந்து பார்த்தால் தெரிகிற மலைச்சரிவு வரை கேட்கும். முகடு தாண்டிக் கேரளத்து வண்டன்மேட்டுக்குக் கேட்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம். வளாகத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் இடையிலுள்ள நிலத்தின் உயர வரைபடம் எடுத்துப் பார்க்கக் கணினி இருந்தால் போதும், செலவே இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏரியல் குச்சி செங்குத்தாக நிற்பதால், நிலையத்து ஆன்டெனாவையும் செங்குத்து வகையாகவே வாங்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் சிக்கனம் பார்க்கிறவர்கள் அதிகம். 40 மீட்டருக்கு ஆர்.ஜி. 213 என்கிற மெல்லிய வகைக் கேபிளை இழுத்தால், 50 வாட் டிரான்ஸ்மிட்டரின் திறனில் கிட்டத்தட்ட பாதி கேபிளிலேயே சூடாகக் கரைந்துவிடும். அரை அங்குல ஃபோம் கேபிளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் போகும். அடுத்தது தண்ணீர். நம் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆன்டெனா அடியிலுள்ள கனெக்டரில் வெறும் பி.வி.சி. டேப் மட்டும் சுற்றியிருந்தால் வெயிலில் பசை விட்டுப்போய்த் தண்ணீர் இறங்கும், கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னல் பச்சை பூத்துவிடும். முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் போட வேண்டும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஆன்டெனாவுக்கு அனுப்பிய திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். 1.5ஐத் தாண்டினால் ஆளை மேலே ஏற்ற வேண்டும்; 2ஐத் தொட்டால் பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்கள் தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். நிலையம் 'ஆன்' என்று காட்டும், ஊருக்குக் கேட்காது.

நேரமும் யோசிக்க வேண்டியது. கல்லூரி நேரத்தில் மட்டும் ஒலிபரப்பினால் விடியுமுன்னே ஜீப் ஏறுகிறவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சொந்தச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே தரலாம். ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்தடை, வேலைவாய்ப்புத் தகவல்கள் செய்திக் கணக்கில் வராது. குமுளி மலைச்சாலையில் மண் சரிந்திருக்கிறது என்று அதிகாலையில் தமிழிலும் மலையாளத்திலும் தாராளமாகச் சொல்லலாம்.

தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போனதும் பல வளாக நிலையங்கள் பழைய பதிவையே திரும்பத் திரும்ப ஓட்டும், பிறகு அதுவும் நிற்கும். தொடர்ந்து 3 மாதத்துக்கு மேல் ஒலிபரப்பு நின்றால் அனுமதியே ரத்தாகலாம். 2024இல் விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணம் 10 நொடிக்கு 74 ரூபாயாகவும் உயர்ந்தது. அதை நம்பிச் சம்பளக் கணக்குப் போட முடியாது. உள்ளூர்க்காரர் இருவருக்காவது கல்லூரியே ஆண்டு முழுக்கச் சம்பளம் தர வேண்டும். மே மாதம் காலை 5 மணிக்கு டிரான்ஸ்மிட்டரைப் போடப்போவது யார் என்பதை விண்ணப்பம் அனுப்புமுன்பே நிர்வாகம் எழுத்தில் தரட்டும்.

இப்படிக்கு,
ஒலிபரப்புத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்,
உத்தமபாளையம்.