பொருள்: பழுதான தண்ணீர் பம்பும் உங்கள் மரியாதை விதியும்

களுதாவளை

முகாமையாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலுள்ள உங்கள் கடையில் பெப்ரவரி 11ஆம் திகதி 48,500 ரூபாவுக்கு ஒரு தண்ணீர் பம்ப் வாங்கினேன். எங்கள் ஊர் மணல் மண். காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்; ஒரு நேரம் தவறினாலும் வெற்றிலைக் கொழுந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். இந்தப் பம்ப் பத்து நிமிடம் இழுக்கும், அப்புறம் வெறும் காற்றுதான். ஊர் மெக்கானிக் அதைக் கழற்றுமுன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான்கு நட்டிலும் மூலை தேய்ந்து, பெயின்ட் உரிந்து, ஸ்பேனர் பட்ட அடையாளம். யாரோ ஏற்கெனவே திறந்து மூடியதைத்தான் புதிது என்று விற்றிருக்கிறீர்கள்.

பம்பை மாற்றித் தந்தால் அந்தக் கதை முடிந்துவிடும். எனக்கு ஆறாதது வேறு.

ரசீது தரும்போதே உங்கள் வாடிக்கையாளர் வட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தீர்கள். குறை இருந்தால் அதில் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன்: "மனே, புதுசெண்டு தந்த பம்பில ஸ்பேனர் பட்ட அடையாளம் கிடக்கு. வந்து பாருங்க." கால் மணித்தியாலத்தில் குழுவை நடத்துபவர் அழித்துவிட்டார். விதி 3, மரியாதைக் குறைவான விளிப்பாம். 'மகனே' என்பதைத்தான் நாங்கள் 'மனே' என்போம்; மட்டக்களப்பில் கடை நடத்துகிறவர்களுக்கு அது மரியாதைக் குறைவா? வீட்டுக்கு வரும் பிள்ளையை நாங்கள் வேறெப்படிக் கூப்பிடுவது?

சரி, பிழை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று, பேத்தியைக் கொண்டு "மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அன்புகூர்ந்து" என்று தொடங்கி எழுதுவித்தேன். அதுவும் போனது. கேலித் தொனியாம். மறுகா ஒரு சொல்லும் எழுதாமல் நட்டின் படத்தை மட்டும் போட்டேன். குழுவின் நல்லுறவைக் குலைக்கிறேன் என்று என்னையே வெளியே தள்ளிவிட்டார். அந்த நட்டு யாரை என்ன சொல்லித் திட்டியது?

அதே குழுவில் ஒருவர் "வயது போனவர்களுக்குப் பம்ப் இயக்கத் தெரிவதில்லை, தயவுசெய்து பழகிக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பும் படத்தோடு எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. (பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் பார்த்தேன்.) ஆக, 'தயவுசெய்து' சேர்த்தால் ஆளைப் பற்றி எதுவும் சொல்லலாம்; நட்டைப் பற்றித்தான் சொல்லக் கூடாது. பம்பை விற்றதும் நீங்கள், என் பேச்சில் குற்றம் பார்ப்பதும் நீங்கள்.

பதினான்கு நாளைக்குள் வேறு பம்ப் தாருங்கள், இல்லையென்றால் காசைத் தாருங்கள். நான் போட்ட நட்டின் படத்தையும் உங்கள் பதிலோடு குழுவில் போடுங்கள். இதே பம்பை வாங்கிய மற்றவர்களும் தங்கள் நட்டைப் பார்க்கட்டும். என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். ஒன்றும் நடக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்பேன். அந்த அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் 'மனே' பற்றி ஒன்றும் இல்லையென்று பேத்தி சொல்கிறாள்.

ஆள் அனுப்புவதானால் காலை பத்து மணிக்குப் பிறகு அனுப்புங்கள். அதுவரை கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வெற்றிலைத் தோட்டக்காரி