நேரம் கிடக்கட்டும், பீம் கம்பியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்ட நேரத்தைத் தளர்த்தியதால் தரம் போய்விட்டது என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். நான் ராணுவத்தில் உடற்பயிற்சி உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலருக்குக் காலையில் பயிற்சி கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, அதனால் இதை விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த நேரக் கணக்கு. முகாமில் ஓட வேண்டியது 1.6 கிலோமீட்டர், அதாவது 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று. முன்பு 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால் 60 மதிப்பெண், 5 நிமிடம் 45 விநாடிக்குள் வந்தால் 48. அதைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2025-இல் அக்னிவீர் (நான்கு ஆண்டு ராணுவப் பணி) ஆள்சேர்ப்பு அறிவிப்பில் இன்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். 6 நிமிடத்துக்குள் வந்தால் 36, 6 நிமிடம் 15 விநாடிக்குள் வந்தால் 24. அந்தக் கடைசிப் பிரிவில் வருகிறவன்கூட ஒரு சுற்றை 94 விநாடிக்குள் முடித்து, அதே வேகத்தில் நான்கு சுற்றும் ஓட வேண்டும். நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். காவல் துறையைக் குறைத்துச் சொல்லவில்லை, அங்கே அப்புறம் கயிறு ஏறுவது, தாண்டுவது எல்லாம் இருக்கின்றன. ராணுவத்தின் 'தளர்த்திய' நேரம் எவ்வளவு கடுமையானது என்று காட்டத்தான் சொன்னேன்.

இன்னொன்று, முகாமில் நடப்பது ஆளைப் பொறுக்கும் சோதனைதான். சிப்பாயின் உடம்பு அதற்குப் பிறகு வரும் பல மாதப் பயிற்சியில்தான் உருவாகிறது. நல்ல சாப்பாடு, ஒழுங்கான தூக்கம், தலைமேல் நிற்கும் உஸ்தாத், இவை மூன்றும் இருந்தால் ஓட்டத்தில் அரை நிமிடம் குறைவது பெரிய விஷயமில்லை. யூனிட்டுக்குப் போன பிறகும் சோதனைகள் விடாது. நான் பணியில் இருந்தபோது பி.பி.டி. என்ற உடல்தகுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், சின்-அப், சிட்-அப் இருந்தன. பி.பி.இ.டி. என்ற போர்த்திறன் சோதனையில் துப்பாக்கியும் முதுகுச் சுமையுமாக 5 கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. கயிற்றில் ஏற வேண்டும், குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கிக் கடக்க வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. தரம் குறைந்ததா என்று பார்க்க நினைக்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

சரி, நான் எழுத வந்தது வேறு விஷயம். ஓட்ட நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, பீமைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேல் வரும்வரை உடம்பைத் தூக்கும் புல்-அப்ஸைத்தான் பையன்கள் பீம் என்பார்கள். 10 எடுத்தால் 40 மதிப்பெண், 9க்கு 33, 8க்கு 27, 7க்கு 21, 6க்கு 16. ஆறுகூட எடுக்க முடியாதவனுக்கு இடமில்லை. ஓட்டத்துக்குத் தளர்வு கொடுத்தவர்கள் இதில் கை வைக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 நிமிடம் 30 விநாடியில் வந்து 6 பீம் எடுத்தவனுக்கு 76 மதிப்பெண். 5 நிமிடம் 50 விநாடியில் வந்து 10 பீம் எடுத்தவனுக்கும் அதே 76. ஓட்டத்தில் இருபது விநாடி குறைக்க ஒரு பையன் எத்தனை மாதம் நாயாய் உழைக்க வேண்டும் என்பது பயிற்சி கொடுக்கிறவனுக்குத் தெரியும். ஆறு பீமைப் பத்தாக்குவது அதைவிட எளிது. ஆனால் எங்கள் பையன்கள் ஓட்டம், ஓட்டம் என்றே திரிகிறார்கள். அதுவும் விடியாத இருட்டில் தார் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே. முகாம் தேதி வந்ததும் தூரத்தைத் திடீரென்று கூட்டி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஓடுவதற்கு ரோடு இருக்கிறது, தொங்குவதற்குக் கம்பி எங்கே இருக்கிறது? வேப்பமரக் கிளையில் தொங்கிப் பழகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளை பருமனாக இருப்பதால் பிடி சரியாக விழாது, உள்ளங்கை உரிந்துவிடும். பூங்காக்களில் கலர் கலராக நிற்கும் கருவிகள் பெரியவர்கள் காலை ஆட்டிக்கொண்டு பேசத்தான் உதவும். பயிற்சி மையத்துக்குப் போனால் பீம் இருக்கும், ஆனால் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை மாதா மாதம் பணம் கட்டுவானா?

ஒரு பீம் எடுக்கத் தெரியாதவனும் பழகலாம். முதலில் சும்மா தொங்க வேண்டும். அப்புறம் ஸ்டூல் போட்டு மேலே ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, மெதுவாக உடம்பைக் கீழே இறக்க வேண்டும். இறங்கும்போதுதான் பலம் ஏறுகிறது. வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும். கால்களை உதறி எகிறுவதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட வேண்டும், முகாமில் அதை எண்ணமாட்டார்கள். இதற்கெல்லாம் மாதங்கள் பிடிக்கும். எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு கம்பியைத் தேட ஆரம்பித்தால் எப்படி? 2023 முதல் எழுத்துத் தேர்வு முன்னால் வந்து, முகாம் பின்னால் போய்விட்டது. படித்துப் பாஸானவன் பீமில் கோட்டை விடும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் என் வேண்டுகோள் சின்னது. அரசு மேல்நிலைப் பள்ளி மைதானங்களில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, மேலே ஒரு கம்பியை வெல்டிங் செய்து வையுங்கள். எட்டு அடி உயரமாவது இருக்கட்டும், கால் தரையில் படக் கூடாது. அடியில் மணல் கொட்டுங்கள். பக்கத்தில் ஒரு கயிறு கட்டினால் போலீஸ் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும் ஆகும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் முடிகிற வேலை.

கூடவே காலை ஐந்து மணிக்கு மைதானத்தின் கேட்டைத் திறந்துவிட ஏற்பாடு செய்ய வேண்டும். சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் எங்கள் ஊரில் இழுபறி. ஊரில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் யாரிடமாவது கொடுத்தால் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார்கள். நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
வேலூர் மாவட்டம்.