பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன்: வேலூரிலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேலூர் கொசப்பேட்டையில் ஒரு மாடி அறை எங்களுக்கு வாடகையில்லாமல் கிடைத்திருக்கிறது. முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து, பிறகு கம்ப்யூட்டர் சென்டராக மாறி, கடைசியில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறை. மூன்று வருடத்துக்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களை அங்கே பழுதுபார்த்து, ஓடும் நிலையில் வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்க விட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டித் 'தொடாதீர்' என்று அட்டை மாட்டும் உத்தேசம் இல்லை. அதற்கான செலவில் ஒரு பகுதிக்குத்தான் உங்களை நாடி வந்திருக்கிறோம்.

எங்களில் இரண்டு பேர் டிவி மெக்கானிக்குகள். எல்இடி டிவி வந்தபின் 'போர்டையே மாத்திடுங்க' என்றாகிவிட்ட காலத்திலும் சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காதவர்கள். ஒருவர் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். லாங்கு பஜார் பக்கம் டிடிபி கடை (கம்ப்யூட்டரில் டைப் செய்து அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் கடை) நடத்திய அக்கா ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை அடித்தே மகனைப் படிக்க வைத்தவர். மீதிப்பேர் இப்போது இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் பிறந்தபோதே, நாங்கள் கோப்புகளைப் போட்டுக் கையில் எடுத்துப் போன ஃபிளாப்பி டிஸ்க் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த நாட்களை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஒருவர் தட்ட, இருவர் முறைக்குக் காத்திருப்போம். கறுப்புத் திரையில் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ எழுத்து மினுங்கும். கோப்புகளைக் காட்டச் சொல்லும் 'டிர்' கட்டளையை அடித்து என்டர் தட்டினால் பட்டியல் சர்ரென்று மேலே ஓடிவிடும். நிறுத்திப் படிக்க 'ஸ்லாஷ் பி' போட வேண்டும் என்று தெரிந்தவன்தான் அன்றைக்கு வாத்தியார். சார் டீ குடிக்கப் போன நேரத்தில் டேஞ்சரஸ் டேவ் விளையாட்டு ஓடும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீஸ்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டு இன்வாய்ஸ் அடிக்கும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு, சிபியூவுக்கு மாலை. (இப்போது பிரித்தால் ஃபிளாப்பி டிரைவுக்குள்ளிருந்து குங்குமம் கொட்டுகிறது. சாமி குத்தம் ஆகாமல் பிரஷ்ஷால் துடைத்து எடுக்கிறோம்.)

ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. இன்டெல் 8088 சிப், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். 1983-இல் வந்த எக்ஸ்டி மாடலில் 10 எம்பி ஹார்டு டிஸ்க்; இன்று செல்போனில் எடுக்கும் நாலு போட்டோவுக்கு அது காணாது. கடையில் கிடைக்கும் சிப்புகளை வைத்தே செய்த பெட்டி என்பதால் உலகமெங்கும் நகல்கள் பெருகின. 1984 நவம்பரில் மத்திய அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை கெடுபிடிகளைத் தளர்த்தியதும் நம் நாட்டிலும் எச்சிஎல், விப்ரோ, ஜெனித் என்று வரிசையாக வந்தன. சென்னை ஸ்டெர்லிங் கம்பெனியின் சிவா பிசி குறைந்த விலையில் வந்து சந்தையைக் கலக்கியது. பள்ளிக்கூடங்களுக்கு வந்தது வேறு ரகம். 1984-85-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோக்கள் இந்தியப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டன. 32 கேபி ரேம், கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில். அதில் ஒன்றாவது நம் பக்கத்து அலமாரி எதிலாவது இருக்காதா என்று தேடுகிறோம். இன்னும் சிக்கவில்லை. உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து காயலான் கடைக்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள்.

பழைய ஞாபகம் ஒன்றுக்காக மட்டும் ஊரில் காசு கேட்பதென்றால் எங்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும். எங்களை அவசரப்படுத்துவது அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் தமிழ்.

திருப்பத்தூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பெட்டி ஃபிளாப்பிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். ஜவ்வாது மலையடிவார ஊர்களில் அவர் கேட்டு எழுதிய தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. தொண்ணூறுகளில் காசு கொடுத்து டைப் செய்து வைத்தாராம். கைப்பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. பாடிய பாட்டிகளில் அநேகமாக யாரும் இப்போது இல்லை.

முதல் சிக்கல், படிப்பது. ஃபிளாப்பியில் இருப்பது பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் ஒட்டிய காந்தப் பூச்சு. சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் பரணில் கிடந்தால் அந்தப் பூச்சு உதிரத் தொடங்கும். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையோடு டிரைவில் போட்டால் படிக்கும் ஹெட்டும் போச்சு, ஃபிளாப்பியும் போச்சு. முதலில் உறையைப் பிரித்து ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். பிறகு காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் கருவி ஒன்றை (கிரீஸ்வீசில் என்று பெயர், யுஎஸ்பியில் இணையும்) பழைய டிரைவோடு சேர்த்து, ஒரே தடத்தைப் பலமுறை படித்து ஒட்ட வைக்க வேண்டும். புது ஃபிளாப்பி டிரைவ் இனி வராது. டிஸ்க் தயாரிப்பையே சோனி 2011-இல் நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதுதான் கதி. அதிலும் ஐந்தேகால் அங்குல டிரைவ் வேண்டும் என்றால் அலைய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். படித்து எடுத்தாலும் திரையில் வருவது தமிழ் அல்ல, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கிறுக்கல்களும்தான். எல்லா மொழி எழுத்துக்கும் ஒரே பொது எண் தரும் யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அது நம் தெருவுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டது. ஒன்றில் 'அ' இருக்கும் எண்ணில் இன்னொன்றில் 'கூ' இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற எழுத்து எண் முறைகளாகப் பொது ஒழுங்கு ஒன்றைக் கொண்டுவந்தது. தமிழக அரசு யுனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முன் தட்டியதைப் படிக்க அந்த எழுத்துருவே வேண்டும். அந்த எழுத்துரு பல சமயம் அதே டிடிபி கடை ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கடைக்காரர் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டால், வாடிக்கையாளர் வீட்டு ஃபிளாப்பிக்கும் அன்றோடு வாய் அடைத்துப் போகிறது.

ஆசிரியரின் பாட்டுகளில் பாதிக்கு மேல் மீண்டுவிட்டன. எங்கள் டிடிபி அக்கா திரையைப் பார்த்தவுடனே எந்த எழுத்துரு என்று சொல்லிவிட்டார். அது அவர் கடையிலேயே இருந்தது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது.

'அந்தக் காலத்து டாஸ் இயங்குதளம் மொபைலிலேயே ஓடுதே, இந்தத் தகர டப்பா எதுக்கு?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளையாட்டுக்கு எமுலேட்டர் (பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள்) போதும், நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் எமுலேட்டருக்கு ஃபிளாப்பியைப் படிக்கக் கண் கிடையாது. பழைய கார்டு, காப்பி தடுக்கும் டாங்கிள் செருகிய மென்பொருள்களும் அதில் அநேகமாக ஓடுவதில்லை. அதோடு ஒரு கம்ப்யூட்டரை முழுக்கப் பிரித்து, எந்தச் சிப் எதற்கு என்று விரல் வைத்துக் காட்டிப் படிக்க இந்தத் தலைமுறை இயந்திரம்தான் தோது. இன்றைய லேப்டாப்பில் எல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

பழுதுவேலை பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், காசு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே. பென்டியத்துக்கு முந்தைய 286, 386, 486 சிப் போர்டுகளின் முதல் எதிரி, கடிகாரத்துக்காக வைத்த பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி. வருடம் போகப் போகக் காரம் கசிந்து செப்புக் கோடுகளை அரித்துவிடும். வினிகரால் நடுநிலையாக்கி, கழுவி, அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்துச் சால்டர் செய்ய வேண்டும். 2000-ஐ ஒட்டி வந்த பென்டியம் போர்டுகளில் தரக்குறைவான கெப்பாசிட்டர்கள். தலை உப்பி நிற்கும், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பரணிலிருந்து இறக்கியதை நேராக பிளக்கில் செருகுவதில்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தனியே கழற்றி, ஷார்ட் இருந்தால் காட்டிக் கொடுக்கும் சீரிஸ் பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட். பழைய ஏடி ரக எஸ்எம்பிஎஸ்ஸின் இரண்டு கனெக்டரையும் இடம் மாற்றிச் செருகினால் போர்டு அங்கேயே காலி. 'கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவுல' என்பதுதான் எங்கள் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் மந்திரம். மானிட்டரை மட்டும் அவர்களைத் தொட விடுவதில்லை. பிக்சர் டியூபில் சுவிட்சை அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது டிவி மெக்கானிக் அண்ணன்கள் கைக்கு மட்டும்.

பெட்டியின் முகப்பில் '66' என்று சிவப்பில் எரியுமே, டர்போ பட்டனோடு, நினைவிருக்கிறதா? அது வேகத்தை அளப்பதே இல்லை. உள்ளே ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்னச் செருகியை) மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் எரிய விடலாம். இதைப் பிரித்துக் காட்டினால் பெரியவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவே ஒருமுறை வாருங்கள்.

இனி கணக்கு. அறைக்குப் புது வயரிங், எர்த், ஒழுகும் சுவர் பூச்சு ஆகியவற்றுக்கு 48,000 ரூபாய். சால்டரிங் ஸ்டேஷன், மீட்டர், செகண்ட் ஹேண்ட் ஆசிலோஸ்கோப் எல்லாம் சேர்ந்து 35,000. கெப்பாசிட்டர், பேட்டரி, சிப், ஹார்டு டிஸ்குக்குப் பதில் போடும் சிஎஃப் மெமரி கார்டு போன்ற உதிரிகள் 30,000. மேசை நாற்காலி 25,000. ஃபிளாப்பி படிக்கும் கருவியும் தேடி வாங்க வேண்டிய டிரைவ்களும் 22,000. ஒரு வருட மின்கட்டணமும் சில்லறைச் செலவும் 20,000. மொத்தம் 1,80,000 ரூபாய். எங்களுக்குள் 62,000 போட்டிருக்கிறோம். பாக்கி 1,18,000. பணம் குறைவாக வந்தால் மேசை நாற்காலியைத் தள்ளி வைப்போம், ஃபிளாப்பி வேலையைத் தள்ளி வைக்க மாட்டோம். மேசை காத்திருக்கும், உதிரும் பூச்சு காத்திருக்காது.

நூறு ரூபாயும் நன்கொடைதான். ரசீது உண்டு. 80ஜி வரிவிலக்கு எங்களுக்கு இன்னும் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மூர்க்காரர்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தரலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடம் பெற எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், எங்களிடம் அது கிடையாது. வரவு செலவு மாதம்தோறும் அறைக் கதவில் ஒட்டப்படும். ஒரு இயந்திரத்தின் முழுச் செலவையும் ஏற்பவர் பெயரை அதன் முதுகில் ஒட்டுவோம். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைப்பது போல் திரையில் ஒட்டச் சொல்லாதீர்கள்.

பணமாக முடியாதவர்கள் பொருளாகத் தரலாம். 486 வரையிலான எந்தப் பெட்டியும், ஓடாவிட்டாலும், வாங்கிக்கொள்கிறோம். பென்டியம் 4 எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்துருவோ டிடிபி கோப்புகளோ இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். கீபோர்டு, கையேடு, உறையோடு உள்ள மென்பொருள், எழுதாத ஃபிளாப்பி எல்லாம் தேவை. கழுத்து உடைந்த பிக்சர் டியூபும் பழைய யுபிஎஸ் பேட்டரியும் வேண்டாம். இரண்டிலும் ஈயம் இருக்கிறது. அவற்றை அரசு அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். தெருவில் எரித்துச் செம்பு எடுக்கிறவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஹார்டு டிஸ்கில் வீட்டுக் கணக்கு, கடிதம், போட்டோ இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எதையும் திறக்க மாட்டோம். உங்களுக்கு வேண்டியதை பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, சொன்னால் அங்கேயே அழித்தும் விடுவோம்.

அறை ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை திறந்திருக்கும். நன்கொடையை அங்கேயே நேரில் தந்து ரசீது பெறலாம். பெட்டியைக் கொண்டு வருகிறவர்கள், அது கடைசியாக எப்போது ஓடியது, என்ன மென்பொருள் இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டி விடுங்கள். மானிட்டரைத் தனி ஆளாக மாடிக்குத் தூக்க வேண்டாம். கீழே நின்று ஒரு குரல் கொடுங்கள், பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அறையை நடத்தும் குழுவினர்,
கொசப்பேட்டை, வேலூர்.